மணிக்கூண்டெல்லாம் இறங்குங்க

ஜனவரி 4

டிரைவர் அண்ணனுக்கு உங்கள் பழைய கண்டக்டர் எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. அண்ணியிடம் கேட்டாயிற்று. நன்றாகச் சாப்பிடுகிறீர்களாம், தூங்குகிறீர்களாம், என் போன் வந்தால் மட்டும் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுகிறீர்களாம். செடி அழுகிவிடப்போகிறது அண்ணே. அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது.

என்னை டெப்போவில் விசாரணை ஜன்னலில் உட்கார வைத்திருக்கிறார்கள். நேற்று ஒரு பெரியவர் மூச்சு வாங்க வந்து சண்டை பிடித்தார். "மணிக்கூண்டுக்கு முந்நூறு படின்னு சொன்னியே, நான் எண்ணிட்டு வர்றேன், முந்நூத்தி நாப்பத்தாறு. மிச்ச நாப்பத்தாறை யாரு ஏறுவா, உங்கப்பனா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் விடவில்லை. "நீ மேல போயிருக்கியா, இல்லையா?"

 பத்தொன்பது வருஷம், தினம் நாலு நடை, அந்த மலையடிவாரத்துக்கு நாம் வண்டி ஓட்டினோம். "மணிக்கூண்டெல்லாம் இறங்குங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மலை உச்சியில் தொங்குகிற அந்த மணி கறுப்பா சிவப்பா என்று எனக்குத் தெரியாது. கிடைத்த பத்து நிமிஷத்தில் நீங்கள் டீ குடிக்கப் போவீர்கள், நான் டிரிப் ஷீட் எழுதுவேன். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே காலம் போய்விட்டது. காலும் போய்விட்டது.

நான் ஏறப்போகிறேன் அண்ணே. இந்தச் செயற்கைக் காலோடுதான். மார்ச் கடைசி ஞாயிறு. நீங்கள் கூட வரவேண்டும். நீங்கள் இல்லாமல் நான் எந்த நடைக்குப் போயிருக்கிறேன்?

உங்கள் கண்டக்டர்

ஜனவரி 19

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. உனக்குக் கிறுக்குதான் பிடித்திருக்கிறது. முட்டிக்குக் கீழே கால் இல்லாதவன் முந்நூற்று நாற்பத்தாறு படி ஏறுவானாம், அதற்கு நான் துணையாம்.

அந்த இடத்தில் என்னால் இறங்க முடியாது. நான் ஸ்டியரிங் தொட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஸ்கூட்டரைக்கூட மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். எங்காவது போகவேண்டுமென்றால் பஸ்ஸில்தான், அதுவும் கடைசி சீட்டில், கண்ணை மூடிக்கொண்டு. லைசென்ஸ் ஏப்ரலில் முடிகிறது. புதுப்பிக்கப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேறு ஏதாவது வேண்டுமென்றால் கேள்.

அண்ணன்

பிப்ரவரி 6

அண்ணனுக்கு,

வேறு ஒன்றும் வேண்டாம்.

டெப்போ மாடிப்படியில் பழகிக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி கொடுக்கிற பெண் பொல்லாதவள். ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது செயற்கைக் கால் முன்னால் என்று ஒப்பிக்க வைக்கிறாள். மாற்றி வைத்தால் குச்சியாலேயே தட்டுகிறாள். போன வாரம் அவளுக்குத் தெரியாமல் நூற்றுப் பத்து படி ஏறிப் பார்த்தேன். கால் பொருந்துகிற இடத்தில் தோல் உரிந்து நாலு நாள் கட்டிலோடு கிடந்தேன். அவள் திட்டினாள் பாருங்கள், நம் டைம் கீப்பர்கூட அப்படித் திட்டியதில்லை. ஒரு நாளைக்கு அறுபது படி, அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்கிறாள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த மழை நாளைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு தரம் வந்தீர்கள், வாசலிலேயே நின்றுவிட்டுப் போனீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும்.

விசில் சத்தம் உங்களுக்குத் தலைவலி என்று, எல்லா வண்டியிலும் விசில் ஊத நம் வண்டியில் மட்டும் தகரத்தில் ரெண்டு தட்டு. நான் தட்டினால் நீங்கள் எடுப்பீர்கள், நகருகிற வண்டியில் நான் தொற்றிக்கொள்வேன். விதிப்படி ஏறின பிறகுதான் சிக்னல் கொடுக்க வேண்டும். நாம் நம் வசதிக்கு மாற்றிக்கொண்டோம். அன்றைக்கும் மலையடிவாரத்தில் தட்டினேன். தட்டிய பிறகு யாரோ ஒரு அம்மாவின் குடை பின் சக்கரத்துக்கிட்டே உருண்டது. குனிந்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஏறாமலே தட்டியவன் நான்.

உங்கள் கண்டக்டர்

பிப்ரவரி 21

தம்பி,

உன் கடிதத்தை உன் அண்ணி சத்தமாகப் படித்தாள். நான் எழுந்து போய்விட்டேன். பிறகு தனியாகப் படித்தேன்.

விபத்து விசாரணையில் "மழையில் வழுக்கி விழுந்தேன்" என்று எழுதிக்கொடுத்தாய். அதற்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்துதான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வேறு எவன் விசில் ஊதினாலும் பார்த்திருப்பேன். உன் தட்டு கேட்டால் பார்ப்பதே இல்லை. பத்தொன்பது வருஷமாகப் பார்த்ததில்லை. உன்னை அவ்வளவு நம்பினேன், அதனால்தான் உன் மேலேயே ஏற்றினேன். இதை எந்த மலையில் ஏறித் தீர்ப்பது?

நீ போகாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

அண்ணன்

மார்ச் 3

அண்ணனுக்கு,

போகத்தான் போகிறேன்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது கால் போனதற்கு இல்லை. நீங்கள் வராமல் இருந்ததற்கு. கட்டிலில் படுத்துக்கொண்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நீங்களோ என்று எத்தனை நாள் பார்த்தேன் தெரியுமா? கால் போனது எனக்கு, நடக்காமல் உட்கார்ந்திருப்பது நீங்கள். நல்ல கூத்து.

28ஆம் தேதி விடிகாலை பஸ்ஸில் கிளம்புகிறேன். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவேன். முடியாவிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகவே படிப்படியாக நகருவேன். பேன்ட் கிழிந்தால் கிழியட்டும். அந்தப் பயிற்சிப் பெண் கேட்டால் நீங்கள்தான் கூப்பிட்டீர்கள் என்று சொல்லிவிடுவேன்.

நீங்கள் வந்தாலும் போவேன், வராவிட்டாலும் போவேன். வந்தால் நன்றாக இருக்கும்.

உங்கள் கண்டக்டர்

மார்ச் 20

தம்பி,

பிடிவாதத்தில் உன்னை அடிக்க ஆளில்லை.

போன வாரம் அங்கே போனேன். கடைசி சீட்டுதான். புதுப் பையன் எவனோ கண்டக்டர், "மணிக்கூண்டெல்லாம் இறங்குங்க" என்று கத்தினான். உன் குரலில் பாதிகூட இல்லை. இறங்கி அந்த இடத்தில் நின்றேன். டீக்கடைக்காரர் அடையாளம் கண்டு ஸ்டூல் போட்டார்.

அவர்தான் சொன்னார். மலைக்குப் பின்பக்கம் தண்ணீர் லாரி போகிற மண்பாதை ஒன்று இருக்கிறதாம். நடந்தே போய்ப் பார்த்துவிட்டேன். வளைவு அதிகம், ஆனால் வண்டி போகும். அது முடிகிற இடத்திலிருந்து மேலே ஐம்பத்துநாலு படி. இரண்டு தரம் எண்ணினேன். அந்தப் பெண் அறுபது என்றாள் அல்லவா, ஆறு மிச்சம். அந்தப் பாதைக் காவலாளியிடம் பேசியாயிற்று. நம் டெப்போ மெக்கானிக் தன் ஜீப்பைத் தருகிறேன் என்றான். இரண்டு நாளாகக் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். முதல் நாள் கியர் போடவே அரை மணி நேரம் ஆனது.

28ஆம் தேதி காலை ஆறரைக்கு உன் வாசலில் நிற்பேன். ஒரே ஒரு நிபந்தனை. ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, அதற்குப் பிறகு தட்டு. நீ தட்டினாலும் நான் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். மனசில் வைத்துக்கொள்ளாதே.

அண்ணன்

மார்ச் 30

அண்ணனுக்கு,

நேரில் பேசியிருக்கலாம். ஆனால் ஜீப்பில் நாம் இரண்டு பேரும் வளைவைத் தவிர வேறெதையும் பேசவில்லை. அதனால் இதையும் எழுதியே தொலைக்கிறேன்.

ஐம்பத்துநாலு படிக்கு ஒரு மணி பத்து நிமிஷம். நம் பழைய வண்டிகூட இவ்வளவு லேட்டாகப் போனதில்லை. ஒரு படி கீழேயே நீங்கள் வந்துகொண்டிருந்தீர்கள், விழுந்தால் பிடிக்க. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. நாற்பதாவது படியில் வலி தாங்காமல் உட்கார்ந்தேனே, அப்போது "போதும், இறங்கலாம்" என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்றுதான் பயந்தேன். நீங்கள் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, "இன்னும் பதினாலு" என்றீர்கள்.

அந்த மணி! அவ்வளவு பெரிய மலைக்கு இத்தனூண்டு மணியா? இதற்கா தொண்டையைக் கிழித்துக்கொண்டேன்? இருந்தாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது நெஞ்சுக்குள் போய் இறங்கியது. எல்லாரும் பத்துப் பதினைந்து அடி அடிக்கிறார்கள். நான் ரெண்டே ரெண்டு அடித்தேன். கைப்பிடிச் சுவரோரம் கீழே பஸ் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் திரும்பினீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது, நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தது மரியாதைக்காக.

இன்றைக்கு ஜன்னலில் ஒரு அம்மா, வாக்கிங் ஸ்டிக்கோடு, மணிக்கூண்டுக்கு எப்படிப் போவது என்றார். "முன்னாடி முந்நூத்தி நாப்பத்தாறு, பின்னாடி அம்பத்திநாலு. நான் ஏறியிருக்கேன்மா" என்றேன். அண்ணே, நாற்காலியில் ஒரு சாண் உயர்ந்து உட்கார்ந்தேன். மேனேஜர் காதில் விழுந்திருக்கிறது. அந்த மாதிரி ஆட்களுக்காக ஞாயிறுதோறும் பின்பாதையில் ஒரு சின்ன வேன் விடலாமா என்கிறார். பாதை தெரிந்த டிரைவர் வேண்டுமாம். என் பங்குக்கு நான் டிக்கெட் கிழிக்க வருகிறேன், உட்கார்ந்தபடியே.

விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். இந்தக் கையெழுத்து தொண்டையில் நிற்காது.

ஏறி உட்கார்ந்துவிட்டேன். கதவையும் சாத்தியாயிற்று. ரெண்டு தட்டு.

உங்கள் கண்டக்டர்

ஏப்ரல் 7

தம்பி,

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். லைசென்ஸ் புதுப்பித்துவிட்டேன். போட்டோவில் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருக்கிறது என்கிறாள் உன் அண்ணி.

கண்ணாடியைப் பார்த்தேன். கீழே யாரும் இல்லை. எடுக்கிறேன்.

அண்ணன்