1,42,857-ம் என் வீட்டுக்காரரும்

ஜூன் 9, திங்கள்

தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷன் மத்தியானம் முழுக்க போனில் சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் கனிமொழி மேடம். செய்யாறு பக்கம் ஒரு காலேஜில் கணக்கு சொல்லித் தருகிறாளாம். டாக்டர் பட்டம் வாங்கும் அன்றைக்குக் கட்ட எங்களிடம் பட்டுப் புடவை சொல்லியிருக்கிறாள். பூ வேண்டாம், மயில் வேண்டாம். முந்தியில் ஓர் எண் வேண்டுமாம் — 1,42,857.

போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார். "ரெண்டால பெருக்குனா 2,85,714. மூணால 4,28,571. அதே ஆறு நம்பர்தான், இடம் மாறி மாறி உக்காருது ப்ரியா! ஆறு வரைக்கும் இப்படித்தான். ஏழால பெருக்குனா எல்லாமே ஒம்போது!"

கல்யாணமாகி எட்டு வருஷம். என்னிடம் வேறு எதைப் பற்றியாவது இப்படிக் கண்ணை விரித்துக்கொண்டு பேசியிருக்கிறாரா?

ஜூன் 11, புதன்

போன். போன். போன்.

ஜூன் 14, சனி

முந்தி ஆரம்பித்தோம். குறுக்கே ஆறு கட்டம். முதல் வரிசைக் கட்டங்களில் ஒன்று, நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து, ஏழு என்று ஜரிகைப் பொட்டு. அடுத்த வரிசையில் இரண்டால் பெருக்கியது. இப்படி ஆறு வரிசை. மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு கட்டத்துக்கும் ஜரிகை சுற்றிய சின்னக் குழலாகத் தனித்தனிக் கண்டு. ஆறிலும் ஒரே அளவு ஜரிகை சுற்றி வைத்தார். இடது மூன்று அவர் கை, வலது மூன்று என் கை.

எந்தப் பேச்சும் "மேடம் சொன்னாங்க" என்றுதான் தொடங்குகிறது. மேடம் வந்து சோறாக்கிப் போடுவாளா? வயிறு எரியுது. ஆமாம், பொறாமைதான்.

ஜூன் 17, செவ்வாய்

செய்துவிட்டேன். மூன்றாம் வரிசை, கடைசிக் கட்டம். ஒரு பொட்டு வர வேண்டிய இடத்தில் இரண்டு. பெருக்கிப் பாருடி இப்போ!

இவர் கவனிக்கவே இல்லை. போன் பேசிகினு இருந்தார்.

ஜூன் 18, புதன்

புடவை கெட்டால் கெட்ட பெயர் இவருக்குத்தானே? என் புத்தி எங்கே போச்சு? ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ஜூன் 21, சனி

ஆறாம் வரிசை முடிந்தது. இவர் கண்டுகளைக் கழற்றி வைத்தார். ஐந்தில் மிச்ச ஜரிகை ஒரே அளவு.

"இன்னா ப்ரியா, உன் கடைசிக் கண்டுல மட்டும் கம்மியா கீது?"

தப்பிக்க வழி தேடித்தான் பொட்டுகளை மேலிருந்து கீழாக எண்ணினேன். இருபத்தேழு. அடுத்ததும் இருபத்தேழு. ஐந்தும் அப்படியே. என் கடைசிக் கட்டம் மட்டும் இருபத்தெட்டு.

"நான்தான் ஒண்ணு கூடப் போட்டேன். வேணும்னேதான்" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். "ஆனா பாருங்க, குறுக்கால கூட்டுனாலும் இருபத்தேழு வரணும், மேலேர்ந்து கீழ கூட்டுனாலும் இருபத்தேழு வரணும். உங்க மேடம் சொன்னாங்களா இத?"

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவரும் குனிந்து எண்ணினார். எண்ணி முடித்து — போனை எடுத்தார். "மேடம்! ஒரு விஷயம்!"

அடப்பாவி மனுஷா!

கூடுதல் பொட்டை ஊசியால் நெம்பி எடுத்துக்கொண்டே ஒட்டுக் கேட்டேன். "இல்லீங்க மேடம், நான் இல்ல. என் வீட்டுல கண்டுபுடிச்சாங்க."

ஜூன் 29, ஞாயிறு

கனிமொழி புடவை வாங்க வந்தாள். நேராக என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் மேலேர்ந்து கீழ கூட்டிப் பாக்கவே இல்லீங்க அக்கா." என் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள்.

ஜூலை 13, ஞாயிறு

கனிமொழி போன் பண்ணினாள். ஒன்றைப் பதினேழால் வகுத்தால் பதினாறு இலக்கம் சுற்றிச் சுற்றி வருகிறதாம். ஒரு முந்தியில் அடங்குமா என்று பேசிப் பேசி, சோறு குழைந்துவிட்டது.

இவர் தறியை விட்டு இறங்கி இறங்கி எட்டிப் பார்த்தார். கடைசியில் பொறுக்காமல், "அவ்ளோ நேரம் அப்படி இன்னாதான் பேசிகினு கீறீங்க ரெண்டு பேரும்?"

"கணக்கு" என்றேன்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்த் தறியில் உட்கார்ந்தார். நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. கொஞ்சம் எரியட்டும்.