ஷிகா மாய்தி ஓடி வரவில்லை

டாக்குரியா, கல்கத்தா
நவம்பர் 9

சௌபாக்கியவதி ரோஹிணிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம், மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் இதமான வார்த்தை இருக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்க அப்பாவா போலீஸா என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தம்பி ஜெய்ராம் சொன்னது மட்டும்தான் உனக்குத் தெரியும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவன் நான். துர்கா பூஜை லீவுக்கு திகா கடற்கரைக்குப் போகலாம் என்று நவமி அன்று காலையில் அவன் புது வண்டியில் கிளம்பினோம், அம்மா பின்னால். கோலாகாட் தாண்டி ஒரு கிராமத்துப் பூஜைப் பந்தல், ரோட்டோரம் ஜனம். ஒரு பெண் பிரசாதக் கிச்சடியை வாளியில் வைத்துக்கொண்டு, ரோட்டைக் கடக்க லாரி போகட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள், ரோஹிணி. இவன் லாரியை முந்தப் போய், எதிரே பஸ் வந்ததும் பதறி ஓரத்துக்கு ஒடித்தான், பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். வண்டி நின்றபோது கண்ணாடி பூராவும் கிச்சடி. அவள் பெயர் ஷிகா மாய்தி, பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைக்கிறவள், ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து பூஜை விடுமுறையில் ரோட்டில் செத்தவர்கள் இத்தனை பேர் என்று பேப்பரில் போட்டிருந்தான். வருஷா வருஷம் அதைப் படித்துவிட்டு காபி குடித்தவன் நான். இந்த வருஷம் அதில் ஒன்று நம் வீட்டு வண்டி.

அவ குறுக்கே ஓடி வந்தாள்னு ஒரு வார்த்தை சொன்னா போறுமேப்பா என்றாய். சொல்ல மாட்டேன். செத்தவள் மேல் பழி போட்டு என் பிள்ளையைக் காப்பாற்ற எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி போலீஸில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதில் நீ கேள்விப்படாத ஒன்றும் இருக்கிறது. அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது எனக்கு முன்னமே தெரியும். பத்து நாள் டிரைவிங் கிளாஸில் அவன் போனது நாலு நாள், அதிலும் கற்றுக்கொடுப்பவன் காலடியில் இன்னொரு பிரேக், மிதித்ததெல்லாம் அந்த ஆள்தான். லைசென்ஸ் வாங்கிய அன்று, ரிவர்ஸ்கூட எடுக்கச் சொல்லலைப்பா, போட்டோ எடுத்தான் முடிஞ்சுது என்று சிரித்துக்கொண்டே வந்தான். நானும் சிரித்தேன். கிடர்பூர் துறைமுகத்தில் முப்பது வருஷம் லாரிகளுக்கு நடுவில் வேலை பார்த்தவன், சிரித்துவிட்டு, வண்டிக்குக் குங்குமமும் வைத்தேன்.

அந்த டிரைவிங் ஸ்கூல் முதலாளியை நேரே போய்ப் பார்த்தேன். மேஷோமஷாய் மேஷோமஷாய் என்று பெரியப்பா முறை வைத்துக் கூப்பிட்டு நாற்காலி போட்டுவிட்டு, ரோட்டுல இறங்கினா எல்லாம் தானா வந்துரும், இவனுக்கு ராசி சரியில்லை என்கிறான். இவன் கற்றுக்கொள்வதற்கு ரோட்டில் போகிறவர்கள் என்ன சிலேட்டா என்று கேட்டேன். பதிலுக்கு டீ வேணுமா என்றான். எழுந்து வந்துவிட்டேன், வெளியே அடுத்த கிளாஸுக்கு ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷிகாவின் வீட்டுக்கும் தனியாகப் போனேன், அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் புருஷன் பாயைப் போட்டு உட்காரச் சொன்னான். என் பெயரைச் சொன்னேன், யாருடைய அப்பா என்றும் சொன்னேன். அவன், உங்க பிள்ளை எத்தனை வருஷமா வண்டி ஓட்டறார் என்று கேட்டான். பதினேழு நாள் என்றேன். உள்ளே எழுந்து போனவன் திரும்பி வரவில்லை. நானும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஜெய்ராம் ஜாமீனில் வந்து அறைக்குள்ளேயே கிடக்கிறான். நான் வைத்த சாதத்தைத் தொடமாட்டேன் என்கிறான், அம்மா வைத்தால் சாப்பிடுகிறான். அவன்மேல் எனக்குப் பாசம் இல்லை என்று நீ எழுதியது பொய், அதற்கு மட்டும் உன்மேல் நிஜமாகவே கோபம். உன்னை அங்கே டிரைவிங் டெஸ்ட்டில் இரண்டு முறை ஃபெயில் செய்தார்கள், நீ போனில் அழுதாய், நான் அந்த அதிகாரியைத் திட்டினேன். அப்படி முகத்துக்கு நேரே உனக்கு இன்னும் வரலை, போய்க் கத்துக்கோ என்று சொல்ல உன் தம்பிக்கு ஒரு ஆள் இல்லை. நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 14 கோர்ட். நான் போவேன், கேட்டால் இதையேதான் சொல்வேன். வந்தால் வா, என் மனசை மாற்றுவதற்காக வராதே. அம்மாவுக்கு தினமும் போன் பண்ணு, அவள் என்னோடு பேசுவதில்லை. அங்கே வெயில் ஆரம்பிக்கிற நேரம், ஜாக்கிரதையாக இருங்கள். உங்கள் இருவருக்கும் பகவான் துணை.

இப்படிக்கு,
இன்னமும் உன் அப்பா,
ராகவேந்திரன்