வாசலில் நின்று கூப்பிட்ட சாயங்காலம்

அன்புள்ள பூங்காவனம்,

எமர்ஜென்சி முடிந்த கோடையில் ஒருநாள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே நீ என்னை ஒரு கேள்வி கேட்டாய். "ஏங்க, நான் இல்லன்னா உங்களைத் தேடிகினு யாருங்க வருவாங்க?" நான் பேப்பரை மடிக்காமலேயே சிரித்தேன். ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், தெருவில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்கிறார்கள், இன்னும் யார் வரவேண்டும் என்றேன். நீ புடைப்பதை நிறுத்தவில்லை. "வணக்கம் சொல்றவங்க வேற, வர்றவங்க வேற" என்று மட்டும் சொன்னாய்.

நீ போய் வருஷத் திதியும் முடிந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு இப்போதுதான் பதிலோடு வருகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டாயே?

முதலில் வீட்டுச் சேதி. கலா இங்கேயே வந்துவிட்டாள். பயப்படாதே, சண்டை ஒன்றும் இல்லை. களம்பூரில் மாப்பிள்ளை வேலை செய்த அரிசி மில்லை மூடிவிட்டார்கள். இரண்டு பேரும் பெட்டியோடு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கலா நேராக உள்ளே போய், உன் தறியின் மேல் போட்டிருந்த போர்வையை எடுத்தாள். கடைசிப் புடவையை அறுத்து எடுத்த பிறகு இழை கோக்கும் அச்சிலும் விழுதிலும் நீ விட்டுவைத்த இழை நுனிகள் அப்படியே இருந்தன. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்பா, நான் நெய்யறேன்" என்றாள்.

உனக்கு வேலை கொடுத்த முள்ளிப்பட்டு முதலாளி, உன் கைக்கு மரியாதை வைத்து அவளுக்குப் புடவையின் நீளவாக்கில் ஓடும் பட்டு இழைகளாக ஒரு பாவு கொடுத்தார். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் தறியில் ஏறாவிட்டால் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லித்தான் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, கல்யாண மாசம் வருகிறது. இது கைவிட்டுப் போனால் மெட்ராஸில் ஏதாவது கம்பெனியில் சேர்ந்துவிடலாம் என்று மாப்பிள்ளை மெல்லச் சொன்னார். அப்புறம் இந்த வீட்டில் நானும் ரேடியோவும்தான்.

பாவு மூட்டையை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு விரித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழைகளைச் சீராக்கி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். மூன்று பேரால் ஆகிற காரியமா அது? ஆள் கூப்பிடும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். டீக்கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, நாளைக் காலை நம் வீட்டுப் பாவு, எல்லாரும் வந்துவிடுங்கள் என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் பாவு மூட்டையோடு மூன்று பேரும் வாசலில் நின்றோம். பால்காரர் வந்தார், போனார். வேறு யாரும் வரவில்லை. எதிர்வீட்டு ஓட்டின் மேல் வெயில் விழுந்தபோது கலா மூட்டையை உள்ளே தூக்கிப் போனாள். துலக்கி வைத்த சொம்பையே எடுத்து மறுபடியும் துலக்கினாள். அந்தக் கோபம் யாரிடமிருந்து வந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்வீட்டு சரோஜாதான் குறுக்கே வந்து நின்றாள். "இன்னா வாத்தியாரே, பிரேயர்ல அறிக்கை படிக்கிற மாதிரி டீக்கடையில சொல்லிட்டு வந்தீங்களாமே. மத்தவங்களை எல்லாம் வாசல்ல வந்து கூப்பிட்டிருப்பீங்க, எங்களைத்தான் விட்டுட்டீங்கன்னு எங்க வீட்டுக்காரரு நெனச்சிகினு கீறாரு. எல்லா வீட்லயும் இதே பேச்சுதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொண்ட விஷயம் இது. வகுப்பை மொத்தமாகப் பார்த்து, யாருக்கு விடை தெரியும் என்று கேட்டால் ஒரு தலையும் நிமிராது. பேர் சொல்லிக் கேட்டால், விடை தெரியாதவன்கூட எழுந்து நிற்பான்.

அன்று சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். காலையில் பையோடு போய் மாலையில் பையோடு திரும்பியவன் நான். நம் தெருவில் எந்த வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு எங்கே தெரியும்? ஒவ்வொரு வாசலிலும் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. யாரும் நின்றபடி அனுப்பவில்லை. உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், உன்னைப் பற்றிச் சொன்னார்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த மல்லிகாவை நினைவிருக்கிறதா? "பூங்காவனம் அம்மாவுக்கு ஜொரமா இருக்கசொல்லகூட எங்க பாவுக்கு வந்து நின்னாங்க சார். துக்க வீடாச்சே, கூப்பிடாம எப்படி வர்றதுன்னு இருந்தோம்" என்றாள். ஒவ்வொரு வீட்டிலும் எனக்கு முன்னாலேயே நீ போய் உட்கார்ந்திருந்தாய்.

தெருவோடு நிற்க மனசு வரவில்லை. ஆரணி பஸ் ஏறினேன். டிரில் மாஸ்டர் கோவிந்தசாமி, உன் எள்ளுருண்டைக்காகவே ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலியைப் பிடித்தவன். ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலையைக் கழற்றிய பிறகு நாங்கள் பார்த்துக்கொள்ளவே இல்லை. கதவைத் திறந்தவன் என் முகத்தைப் பார்த்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் கேட்டான். பாவு விரிக்கணும், ஆள் வேணும் என்றேன்.

"வீட்ல ஒரே பேஜாரா கீதுடா. என்னை ஒரு வேலைக்கின்னு யாராவது கூப்பிட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா? எத்தினி மணிக்கு வரணும்?"

மறுநாள் இருட்டு முழுசாகப் பிரியவில்லை. கதவைத் திறந்தேன். பூங்காவனம், தெரு நிறைய ஆட்கள். தலையில் துண்டு கட்டிக்கொண்டும், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டும், நம் வாசலைப் பார்த்து நின்றார்கள். கோவிந்தசாமி சைக்கிளில் வந்திருந்தான், கழுத்தில் பழைய விசில். பாவின் ஒரு முனை நம் வாசலில், மறுமுனை பிள்ளையார் கோயில் பக்கம். அவன் விசில் ஊத, எல்லாரும் ஒன்றாக இழுத்தார்கள். "இது இன்னா கபடியா?" என்று சரோஜா கேட்டாள். தெருவே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அப்போது வெளிச்சம் வந்தது. மாம்பழ நிறப் பட்டு, தெரு முழுக்க ஒரே தகடாக மின்னியது. இத்தனை வருஷமும் இப்படிப்பட்ட பாவின் அடியில் குனிந்து நுழைந்து பள்ளிக்கூடம் போனவன், அன்றுதான் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். பாவு நடுங்கிக்கொண்டே இருந்தது. கோயில் பக்கம் யாரோ ஓர் இழையைத் தட்டிவிட்டால் அந்த அதிர்வு அத்தனை பேர் கையையும் கடந்து என் கைக்கு வருகிறது. இதைத்தான் நீ விடியலில் தொட்டுவிட்டு வந்து எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாயா? ஒருநாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் பேப்பரை மடித்திருப்பேனா?

பிறகு வீட்டுக்குள், பாவு பிணைக்கிற அம்மா வந்து உட்கார்ந்தாள். விரலைச் சாம்பலில் தொட்டு, நீ விட்டுப்போன நுனி ஒன்று, புது இழை ஒன்று, இரண்டையும் சேர்த்து ஒரு முறுக்கு. முடிச்சுகூட இல்லை. எல்லாம் முடிந்ததும் கலா முன்னாலிருந்து மெல்ல இழுத்தாள். உன் இழை வழிகாட்டிக்கொண்டு போக, புதுப் பாவு அதன் பின்னால் விழுதுக்குள் நுழைந்து, அச்சைத் தாண்டி வெளியே வந்தது. ஒன்றுகூட அறுபடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தறிச் சத்தம் கேட்டது. முதலாளி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். உனக்குத் தெரியுமே, அவர் குறை சொல்லவில்லை என்றால் அதுதான் பாராட்டு. மாப்பிள்ளையை இப்போது தெருவில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மெட்ராஸ் பேச்சே இல்லை. கோவிந்தசாமி வாரத்தில் பாதி நாள் இங்கேதான். எனக்கும் காலையில் எழுந்ததும் உடம்பு லேசாக இருக்கிறது, எங்கேயோ போகவேண்டியவன் மாதிரி.

இனி இந்தத் தெருவில் எந்த வீட்டுப் பாவு விரித்தாலும், நீ நின்ற இடத்தில் நான் நிற்பேன். இது சத்தியம்.

இந்தக் கடிதம் எட்டுகிற மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரொம்ப நாளாகப் பார்க்காத ஒருவர் வீட்டுக்கு இன்று சாயங்காலம் போங்கள். வாசலில் நின்று, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நீ கூப்பிட்ட அதே பேரில்,
உன் கலா அப்பா