வரைபடத்தில் இல்லாத விளக்கு

பலியோவ்ரிசி,
ஞாயிறு இரவு

அன்புள்ள ஸ்தாதி அண்ணாவுக்கு,

அரேத்தி எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய்யாகிவிடும். மிர்தோவுக்கு இருமல் விட்டிருக்கிறது, நல்ல செய்தி அது ஒன்றுதான். அவளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "அரேத்தி, கொஞ்சம் நிதானமா" என்பாய், அதைக் கேட்டதும் இன்னும் கத்துவேன். அதனால் கடிதம்.

அம்மா பிக்கப் வண்டியின் சாவியைச் சமையலறையில் மாதா படத்துக்குக் கீழே உள்ள ஆணியில் மாட்டிவிட்டாள். உங்கள் ஆய்வுக்குழுவின் அறிக்கை வந்த அன்று மாட்டியது, இன்னும் எடுக்கவில்லை. அழவில்லை, யாரையும் திட்டவுமில்லை. நம் அம்மா திட்டாமல் இருக்கிறாள் என்றால் வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். அறிக்கையின் அடியில் இருந்த உன் கையெழுத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தாள். "இப்ப நல்லா எழுதறான். சின்னதுல கோழி கிறுக்கின மாதிரி இருக்கும்" என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை போக்குவரத்து அலுவலகத்தில் குழு கூடுகிறது. அறிக்கை இப்படியே போனால் அவளுடைய லைசென்ஸை ரத்து செய்துவிடுவார்கள். அதைத் திருத்தவும், மறுபரிசோதனை கேட்கவும் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் அதிகாரமாம். போட்டவன் நீ.

"அம்மா போக வேண்டிய இடத்துக்கு நீ ஓட்டிட்டுப் போயேன்" என்று போனில் லேசாகச் சொன்னாய். நான் லிம்னி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. என் வீட்டுக்காரர் நிகிஃபோரோஸ் கப்பலில் இருக்கிறார், நவம்பரில்தான் வருவார். காடு எரிந்ததிலிருந்து அம்மாவின் தேனீப் பெட்டிகளெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன, அங்கே பஸ் போகாது. இதெல்லாம் போகட்டும். நானே தினமும் கொண்டுபோய் இறக்கிவிட்டாலும் அது அவள் போனதாகுமா? பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள் முதலில் கேட்டது என்னையோ மிர்தோவையோ இல்லை, "வண்டியை எங்க நிறுத்தியிருக்கு?" என்றுதான் கேட்டாள்.

கடைத்தெருவில் என்ன நடந்தது என்று தெரியுமா? காபிக்கடை த்ராசோஸ் எல்லோர் முன்னாலும், "பொலிக்ஸேனி, பேசாம ஒரு கழுதை வாங்கிடு. அதுக்கு லைசென்ஸ் கேக்க மாட்டாங்க" என்றான். அம்மா நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வாங்கறேன்டா. நீ என்ன விலைக்கு வருவே, சொல்லு" என்றாள். கடையே சிரித்தது. வீட்டுக்கு வந்ததும் கோட்டுப் பொத்தானைக் கழற்ற முடியாமல் நின்றாள். நான் கிட்டே போனேன். "தொடாதே" என்றாள்.

அந்தப் பொத்தானைப் போடவும் கழற்றவும் அவளுக்கு மறுபடி சொல்லிக் கொடுத்தது உன் துறைதான், மறக்கவில்லை. நீ படிக்கப் போனபோது அம்மா கேட்டாள், செயல்முறை சிகிச்சை என்றால் என்னடா என்று. "மாத்திரை குடுக்கறது எங்க வேலை இல்லம்மா. நோயில விழுந்தவங்க தினம் செஞ்ச வேலையை அவங்க கையில திருப்பிக் குடுக்கறது" என்றாய். அதை அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மறுவாழ்வு மையத்தில் கரண்டி பிடிக்க, தேனீக்களுக்குப் புகை போடும் குடுவையை மூட, கியர் மாற்ற என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கினாள். கடைசியில் வயதானவர்கள் வண்டி ஓட்டுவதைப் பற்றிய உங்கள் ஆய்வில் சேரச் சொன்னார்கள், சேர்ந்தாள். வண்டியில் வேகத்தைப் பதியும் பெட்டி வைத்தார்கள், ஸ்டீயரிங்கில் கை இருக்கிறதா என்று பார்க்க உறை மாட்டினார்கள். கேமரா மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். "நான் வண்டில பாடுவேன். அதை எல்லாம் ஏதென்ஸ்ல உக்காந்து கேக்கணுமா?" என்றாள்.

இப்போது அந்த அறிக்கைக்கு வருகிறேன். ஊருக்குக் கீழே, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிய வளைவில், ஒவ்வொரு முறையும் காரணமின்றி வேகம் குறைகிறது, வலது கை ஸ்டீயரிங்கை விட்டு விலகுகிறது, கவனம் தவறுகிறது, எனவே ஓட்டுவது உகந்ததல்ல. காரணமின்றி! அந்தச் சொல்லை நீ எழுதினாயா, வேறு யாராவது எழுதி நீ தலையாட்டினாயா?

"ஃபைல்ல பேரே இருக்காது அரேத்தி, நம்பர்தான். அம்மாவோடதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன், அதான் விதி" என்றாய். சரி, பேர் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். சிலுவை போட்டுக்கொள்கிறாள், அதற்குத்தான் கையை எடுக்கிறாள் என்று நான் சொன்னேன். அதற்கும் உன்னிடம் பதில் இருந்தது. "அது எங்களுக்குத் தெரியாதா? நம்ம ஜனங்க கோயிலைத் தாண்டும்போது கையை எடுப்பாங்கன்னு, மேப்புல கோயில் இருக்கற இடத்தை எல்லாம் கணக்குலேருந்து எடுத்துட்டோம். அந்த வளைவுல கோயில் இல்ல."

ஆமாம், கோயில் இல்லை. நாலு இரும்புக் காலில் ஒரு தகரக் கூண்டு நிற்கிறது. உள்ளே எண்ணெய் விளக்கும் அப்பாவின் படமும் இருக்கின்றன. உங்கள் வரைபடத்தில் அது எப்படி இருக்கும்? ஆனால் மரம் ஏற்றி வந்த லாரி அப்பாவை அங்கே அடித்துப் போட்ட பிறகு, அந்த நாலு காலுக்கும் குழி தோண்டியவன் நீதானே அண்ணா! கை கொப்பளிக்கத் தோண்டினாய். சிமென்ட் குழைக்க நான் தண்ணீர் கொண்டு வந்தேன். திரையில் அந்த வளைவு தெரிந்திருக்கும், தொட்டி தெரிந்திருக்கும். ஒருவர் ஒவ்வொரு முறையும் அங்கே மட்டும் மெதுவாகிறார் என்று எண்கள் கூவியிருக்கின்றன. ஏன் என்று ஒரு கணம்கூட உனக்குத் தோன்றவில்லையா? பெட்டியில் ஏறியது யாரோ ஒரு கிழவியின் பயணமாகவே இருக்கட்டும். அவளைக் கூப்பிட்டு, அங்கே என்ன செய்கிறீர்கள் அம்மா என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்பதுதானே உங்கள் வேலை?

நான் இதைப் போனில் சொன்னதும், "சரி, அங்க கையை எடுக்காதேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றாய். அப்போதுதான் போனை வைத்தேன். லைன் கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன்.

பயம் எனக்கு இல்லை என்று நினைக்காதே. அந்த வண்டியில் என் குழந்தை போகிறாள். இன்று பூசை முடிந்ததும் சாவியை நானே எடுத்து, அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி, கால்பந்துத் திடலுக்குக் கூட்டிப் போனேன். ஓட்டச் சொன்னேன். நன்றாகத்தான் ஓட்டினாள். வலது கையை எடு என்றேன். எடுத்தாள். பலவீனமான இடது கை மட்டும் தனியாக நின்றது, வண்டி மெல்ல இடது பக்கம் இழுத்தது. வலப்பக்கமாக ஓட்டும் நம் ரோட்டில் என்றால் அது எதிரே லாரி வரும் பக்கம். அவளுக்கும் தெரிந்துவிட்டது. வண்டியை நிறுத்திவிட்டு, "ம், இழுக்குது" என்றாள்.

ஆகவே உங்கள் பெட்டி பார்த்தது பொய்யில்லை, அந்த இடத்தில் ஆபத்து உண்டு. உண்டு என்பதால் சாவியைப் பிடுங்க வேண்டுமா? தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்ட எவ்வளவு இடம் இருக்கிறது! அங்கே நிறுத்தி, சிலுவை போட்டுக்கொண்டு, பிறகு இரண்டு கையாலும் பிடித்து வளைவைத் திரும்பினால் போதும். நான் கேட்டேன், "நிறுத்துவியாம்மா?" என்று. அவள் திடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தறேன். இறங்கி அவர் விளக்குக்கு எண்ணெயும் விடறேன். ஆனா கேக்க வேண்டியவன் வந்து கேக்கட்டும். நீ அவனுக்கு வக்கீல் இல்ல."

வீட்டுக்கு வந்ததும் சாவி திரும்ப ஆணிக்குப் போய்விட்டது.

அண்ணா, புதன்கிழமை காலை ஆர்கித்சாவிலிருந்து முதல் படகில் ஏறு. வகுப்பு, கூட்டம் என்று எதையும் சொல்லாதே. வெள்ளி வரை அவளுடைய லைசென்ஸ் செல்லும். ஆணியிலிருந்து சாவியை நீயே எடுத்து அவள் கையில் கொடு. நீ ஓட்டாதே, பக்கத்தில் உட்கார். தொட்டியருகே அவள் நிறுத்துகிறாளா, வளைவில் இரண்டு கையும் பிடித்திருக்கிறதா என்று உன் கண்ணால் பார். சரியில்லை என்று உன் படிப்பு சொன்னால் அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல், நான் குறுக்கே வரமாட்டேன். சரியாக இருந்தால் அன்றே திருத்தி எழுதி அனுப்பு. எப்படியானாலும் 'காரணமின்றி' என்பதை அடித்துவிடு.

அவள் வண்டியை நிறுத்தி இறங்கும்போது நீயும் இறங்கு. அந்தக் கால்களை நட்ட பிறகு நீ அங்கே இறங்கியதே இல்லை. எண்ணெய்ப் பாட்டிலும் திரியும் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கூண்டின் கதவு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. அவள் இடது கையால் திறக்க வராது. நீதான் திறந்துவிட வேண்டும்.

கடல் அடங்கியிருக்கட்டும். பத்திரமாக வந்து சேர்.

இன்னும் கோபம் ஆறாத உன் தங்கை,
அரேத்தி