ஜக்கில் சாய்த்து வைத்த போன்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருப்பதாக அண்ணன் சொன்னான், கேட்டுக்கொண்டேன். இங்கே நானும் அண்ணனும் அத்தையும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம் என்பதோடு விட்டுவிடுகிறேன். நீ தினமும் போன் செய்வதும் நான் எடுக்காததும் சொல்லி அண்ணனிடம் அழுதாயாம். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, அஞ்சாவதோடு நின்றவள், ஒரு வரி முடிப்பதற்குள் விரல் மரத்துப்போகிறது. இருந்தாலும் காகிதத்தில்தான் எழுதுவேன். காகிதத்தில் என் குரல் வராது. வந்தால் அதையும் எடுத்து வைத்துக்கொள்வாய்.

ஆஸ்பத்திரி சலவை வேலைக்கு மறுபடியும் போகிறேன். புது மெஷின் வந்திருக்கிறது, துவைத்துப் பிழிந்து அதுவே கொடுத்துவிடுகிறது, விரிப்பை மடிப்பது மட்டும் எங்கள் பாடு. மேற்பார்வை பார்க்கிற அக்கா இரக்கப்பட்டு உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொடுத்திருக்கிறாள். அப்பாவின் பட்டறையை அண்ணன் இன்னும் திறக்கவில்லை. பாதி வளைத்த ஜன்னல் கம்பி மேஜை மேலேயே கிடக்கிறது. ஜன்னலுக்குச் சொல்லியிருந்தவர் வீடு தேடி வந்தார், ஆள் போய்விட்டார் என்று சொன்னதும் தலையைக் குனிந்து நின்றார், பிறகு அப்போ ஜன்னல் எப்போ கிடைக்கும் என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்கு முட்டி வலி, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

அந்த அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா போன அன்று நீ வரவில்லை, பரீட்சை என்றாய். பெத்த அப்பனைவிடப் பரீட்சை பெருசாப் போச்சா என்று அத்தை நாலு பேர் முன்னால் கேட்டாள். நான்தான் அவள் வாயை அடைத்தேன். வெளிநாட்டில் மூன்று பாஷை படிக்கிற பிள்ளை, ஒரு வருஷம் போனால் எல்லாம் போச்சு, அவரே இருந்தாலும் வராதே என்றுதான் சொல்லியிருப்பார் என்றேன். அந்த மனுஷன் உன் புத்தகத்தைப் பட்டறையில் வைத்துக்கொண்டு, வருகிறவனுக்கெல்லாம் காட்டி, பாருங்க, நான் வளைக்கிற கம்பி மாதிரியே இருக்கு எழுத்து, எம்பொண்ணு இதைப் படிக்கிறா என்பார். அதனால்தான் அன்றைக்கு அண்ணன் போனில் வீடியோ போட்டு உன்னைக் கூப்பிட்டதும் நானே அதை வாங்கித் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்தேன். உனக்கு அவர் முகம் சரியாகத் தெரியவில்லையோ என்று அழுகைக்கு நடுவிலும் எழுந்துபோய்த் திருப்பி வைத்தேன். பிள்ளை அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்து அழுகிறாளே, பக்கத்தில் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லையே என்று அவருக்கு அழுததோடு உனக்கும் சேர்த்து அழுதேன்.

போன வாரம் நீ அண்ணனுக்கு ஒரு வீடியோ அனுப்பினாய். காலேஜில் உனக்கு முதல் இடமாம், அம்மாவிடம் காட்டு என்றாயாம். அத்தையும் வந்து உட்கார்ந்தாள். பெரிய அறை, வரிசையாகப் பிள்ளைகள், நீ முடியை வெட்டிக்கொண்டு முன்னால் நின்று என்னவோ பேசினாய், எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பிறகு நீ ஒரு பட்டனை அமுக்கினாய். என் குரல் வந்தது, அன்றைக்குப் போனில் நீ பிடித்து வைத்துக்கொண்டது. மோட்டார் ரிப்பேர் ஆனா யாரைக் கூப்பிடுவேன், இப்படிப் படுத்துக்கிட்டியே, எழுந்திரிய்யா என்று நான் அவரைத் திட்டி அழுகிறேன், கீழே அந்தக் கம்பி எழுத்து ஓடுகிறது. பிள்ளைகள் குனிந்து குனிந்து எழுதிக்கொள்கிறார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தன் ரொம்ப நல்லாயிருக்கு என்கிற மாதிரித் தலையை ஆட்டினான். அண்ணன் நிறுத்தப் போனான், நான் விடவில்லை. என்னடா எழுதியிருக்கு என்று கேட்டேன். ஓரத்தில் இங்கிலீஷில் இருந்ததைத் தெரிந்தவரைக்கும் படித்துச் சொன்னான். நான் பேசுபவர் ஒன்று. அத்தை பேசுபவர் இரண்டு. கூடப் பிறந்த நான் ரெண்டாவதா என்று அத்தை கோபித்துக்கொண்டாள். அவள் கோபம் அவ்வளவுதான், மறுநாளே தீர்ந்துவிட்டது.

செத்தவரைத் திட்டி அழுவது பல நாட்டிலும் இருக்கிற வழக்கம் என்று நீ விளக்கினாயாம். நான் எந்த வழக்கத்தையும் பார்த்துத் திட்டவில்லையடி. அந்த மனுஷன் மேல் கோபம், திட்டினேன். நெஞ்சு வலிக்கிறது என்று பட்டறையில் யாரிடமும் சொல்லாமல் சாயங்காலம் வரை கம்பி வளைத்த ஆள் அவர். அவருக்கும் எனக்கும் நடந்த சண்டை அது. பேர் போடவில்லையே, மரியாதையாகத்தானே சொன்னேன் என்று அண்ணனிடம் கேட்டாயாம். பேர் போடாததுதான் உன் மரியாதை. ஓயாமல் பேசுகிற உனக்கு ரேடியோ என்று அப்பா பேர் வைத்தார், நீ டேப் ரெக்கார்டராகத்தான் வருவாய் என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று.

நீ என்ன எடுத்துக்கொண்டாய் தெரியுமா. சலவை ரூமில் மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அங்கேதான் அழுதுகொண்டிருந்தேன். இப்போது தொண்டை வரை வருகிறது, உடனே கீழே எழுத்து ஓடுகிறது, அந்தக் கண்ணாடிக்காரன் தலையை ஆட்டுகிறான், அழுகை அப்படியே நின்றுவிடுகிறது. விரிப்பை மடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

அப்பா கடைசியாக உன்னைப் பற்றி என்ன சொன்னார் என்றுதானே அண்ணனைத் துளைக்கிறாய். அவனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். பேசக் கூடாது என்று நர்ஸ் அதட்டினாள். எம்பொண்ணுக்கு ஒண்ணு சொல்லணும் என்று மூக்கில் இருந்த மாஸ்க்கை அவரே விலக்கிக்கொண்டு சொன்னார். சின்ன வார்த்தைதான். அத்தைக்கும் சொல்லவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. அவரை எடுத்த அன்று சாயங்காலமே போனில் சொல்லியிருப்பேன், நீ களைத்திருப்பாய், தூங்கி எழட்டும் என்று விட்டேன். நல்லவேளை விட்டேன். அதற்குக் கீழேயும் எழுத்து ஓடியிருக்கும்.

அது வேண்டுமென்றால் நீ வர வேண்டும். போனை அண்ணனிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வா. உன் காதில் ஒரு தடவை சொல்வேன், திருப்பிச் சொல்ல மாட்டேன். பரீட்சை இருந்தால் இரு, படி, நான் குறுக்கே வரவில்லை. எனக்கும் படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது, அதையும் தெரிந்துகொள். நான் போகிற வரைக்கும் நீ வராவிட்டால் அது என்னோடு போகட்டும். பேசுபவர் ஒன்று சொல்ல மறுத்துவிட்டார் என்று எழுதிக் கொடு, அதற்கும் மார்க் போடுவார்கள்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் தலையை மூடாமல் போகாதே, முடி வேறு வெட்டிக்கொண்டிருக்கிறாய். நன்றாக இரு, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார், நானும் நினைக்கிறேன், அதில் மாற்றமில்லை. கடிதம் கிடைத்தது என்று அண்ணனிடம் சொல்லிவிடு, எனக்குப் போன் செய்யாதே.

இப்படிக்கு,
பேசுபவர் ஒன்று