சோளச்சக்கைத் தூளும் என் மாவுச் சல்லடையும்

காலையில் உங்கள் துப்பாக்கி கிளப்பிலிருந்து வந்து டம்ளர் மெஷினைக் கேட்டார்கள். சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை மறுபடி நிரப்புவதற்கு முன் பளபளப்பாக்குவீர்களே, அந்த மெஷின். மூடியைத் திறந்தேன். அடியில் கிடந்த சோளச்சக்கைத் தூளின் கரிந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் எதைப் போட்டுச் சுற்றுவது என்று எத்தனை மாத யோசனை! அக்ரூட் ஓட்டுத் தூள் கறையை எடுக்கும், சோளச்சக்கை மினுக்கும் என்று சாப்பாட்டுத் தட்டில் கோடு போட்டு விளக்கினீர்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டீர்கள்.

“தண்ணியில கம்பித் துணுக்கு போட்டுச் சுத்துனா தூசியே பறக்காதாமே?” என்று கேட்டேன்.

“இந்த ஊர் மழையில அது எங்க காயும்? கூட்டுல ஈரம் நின்னா வெடிமருந்து வீணாப் போயிடும். நீ சும்மா இரு.”

சும்மா இருந்தேன். அப்படி இருந்ததற்கு இன்று என்மேலும் கோபம்.

தோட்டாவின் அடியில் வெடிக்கும் மருந்தில் ஈயம் உண்டு. சுற்றச் சுற்ற அது தூளில் சேரும். நீங்களோ தூள் கறுத்த பிறகும் மாற்றாமல் சலித்துச் சலித்துப் போட்டீர்கள், அதுவும் என் மாவுச் சல்லடையில். பிறகு கழுவித் துடைத்து, சமையலறை ஆணியிலேயே மாட்டினீர்கள். எதிர்வீட்டு பௌதி, அந்த வங்காளி அண்ணி, சொல்லிக்கொடுத்த லூச்சிப் பூரிக்கு நான் அதில்தான் மைதா சலித்தேன். பிரமாதம் என்று சாப்பிட்டீர்கள்.

உங்களுக்கு வயிற்றுவலி வந்தது, கை நடுங்கியது. “வெறும் வாயு, கேஸ்தான்” என்றீர்கள். கல்கத்தாவில் எல்லா வலிக்கும் அதுதானே பெயர். சிறுநீரகம் போய், நீங்களும் போய், பதினாறாம் நாள் உங்கள் டிராயரில் அந்த ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தேன். ஈயம் மிக அதிகம் என்று டாக்டர் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். நீங்கள் சாவதற்கு ஒரு வருடம் முந்தைய தாள். தெரிந்தும் ஒரு வருடம் என் சல்லடையை எடுத்தீர்கள். மெஷினை நான் தூக்கிப் போட்டுவிடுவேன் என்றுதானே மறைத்தீர்கள்? போட்டிருப்பேன். நீங்கள் இன்று உயிரோடு இருந்து என்னோடு சண்டை போட்டிருப்பீர்கள்.

போன வாரம் டாலிகஞ்ச் லேபில் நானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். ஈயம் உங்கள் அளவு இல்லை, ஆனால் இருக்கிறது. எலும்பில் போய்த் தங்கியிருக்கும், போக வருடக்கணக்கு ஆகும் என்கிறார் டாக்டர்.

மெஷின் போன பிறகு சென்னையிலிருந்து மகள் பேசினாள். “எல்லாத்தையும் குடுத்துட்டா அப்பா ஞாபகமா எதை வச்சுக்கப் போறம்மா?”

“எலும்புல வச்சிருக்கேன்டி,” என்றேன்.