லட்லோவுக்கு விசாரிக்கப் போனது

எசன்
ஜேர்மனி
28.04.2025

என் செல்ல மகள் மிதுசாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்காலை மட்டும் விட்டுவிட்டால். அதற்கும் அடுத்த மாதம் டொக்டரைப் பார்க்க ரெர்மின் கிடைத்திருக்கிறது. நீ வெலிங்டனில் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குப் படுத்து நல்லாய் இருக்கிறாய் என்றுதான் ஒவ்வொரு முறையும் சொல்கிறாய், ஆனால் வீடியோவில் பார்த்தால் கன்னம் ஒட்டிப்போய்க் கிடக்கிறது, நான் நம்பவில்லை. வட்ஸ்அப் இருக்க அம்மா ஏன் பேனா பிடிக்கிறா என்று யோசிப்பாய். போனில் என்றால் நான் இரண்டு வசனம் சொல்ல முதல் நீ ஆறு வசனம் சொல்லி என்னை அடக்கிப்போடுவாய், பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய். இதை முழுக்க வாசி. வாசித்து முடித்த பிறகும் பிரவீணனிடம் காட்டாதே, ஏன் என்று கடைசியில் விளங்கும்.

ஈஸ்டர் லீவுக்கு நாங்கள் பர்மிங்காமுக்கு கொட்வின் அங்கிள் வீட்டுக்குப் போனது உனக்குத் தெரியும். அவருடைய பேத்தியின் பிறந்தநாள் என்று சொன்னோம், அது உண்மைதான், கேக்கும் வெட்டினார்கள். சொல்லாத பகுதி அதற்குப் பிறகு வருகிறது. அடுத்த நாள் விடிய நானும் அப்பாவும் ரயில் எடுத்து லட்லோவுக்குப் போனோம். ஓம், உன் பிரவீணன் வளர்ந்த அதே லட்லோதான். கோபப்படாமல் வாசி. நீ அந்தப் பெடியனைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒரு விஷயம் தொண்டைக்குள் நின்றது. பெடியன் படித்தவன், எஞ்சினியர், மரியாதையாகக் கதைக்கிறான், எல்லாம் சரி. ஆனால் தாய் தகப்பன் முதலில் லண்டனில் இருந்தவர்கள், கோயில், தமிழ்க்கடை, தமிழ்ப் பள்ளிக்கூடம் எல்லாம் காலடியில். அதை விட்டுவிட்டு வேறு ஒரு தமிழ்ச் சனமும் இல்லாத சின்ன ஊருக்கு ஒரு குடும்பம் ஏன் போக வேண்டும்? ஒரு முருங்கைக்காய் வாங்குவதற்கும் பர்மிங்காமுக்கு ஓடவேண்டிய இடம் அது. சனத்தைக் கண்டு ஒளிக்கிற ஆக்கள்தான் அப்படிப் போவார்கள் என்று என் மனம் சொல்லியது. கடனோ, கோட்டுக் கேஸோ, இயக்கக் காலத்துப் பழைய பகையோ, இல்லாவிட்டால் சாதி என்று வாயால் சொல்லாமல் ‘ஊரில எந்தப் பக்கம்’ என்று கேட்போமே, அந்த விஷயமோ. உன்னிடம் அவர்களுடைய ஊர் எது என்று கேட்டால் லட்லோ என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு என் சந்தேகத்தை இன்னும் கூட்டிவிட்டது. அப்பா ஒரு படி மேலே போய் லண்டனில் இருக்கிற கிருஷ்ணசாமி அண்ணைக்குச் சொல்லிவைத்தார், ஊர் விவரம் கிடைத்ததும் அனுப்புகிறேன், விசாரித்துச் சொல்லுங்கோ என்று. யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கையில் யார் வீடு என்று படுக்கையில் கிடந்தபடியே சொல்லக்கூடிய மனுசன் அவர்.

ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயிலால் இறங்கி மேட்டில் ஏறினால் முதலில் தெரிவது பெரிய தேவாலயக் கோபுரம். வீடுகள் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக இருக்கின்றன, மேல்மாடி கீழ்மாடியை விட வெளியே தள்ளிக்கொண்டு, சிலது பக்கவாட்டில் சரிந்தும் நிற்கிறது. நூற்றுக்கணக்கான வருசமாக இப்படித்தான் நிற்குதாம் என்று அப்பா போனில் வாசித்துச் சொன்னார், நான் நம்பாமல் வீடுகளுக்குக் கீழே போகாமல் றோட்டுப் பக்கமாகவே நடந்தேன். உச்சியில் ஒரு சதுக்கம், அதன் ஒரு பக்கத்தில் இடிந்த கோட்டை, கோட்டைக்கு முன்னால் சந்தை. கோடு போட்ட துணிக் கூரைகளுக்குக் கீழே பாண், பாற்கட்டி, பூக்கன்று, பழைய கரண்டி, கம்பளித் தொப்பி. எசனில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சாமான் வாங்கிப் பழகின எனக்கு, அங்கே எதிரில் வந்தவர்கள் எல்லாரும் சிரித்துக் குட் மோர்னிங் சொன்னது பிடிக்கவேயில்லை. தெரியாத ஆளைப் பார்த்துச் சிரிக்கிறவருக்கு ஏதோ தேவை இருக்கும். எங்கள் யோசனை இதுதான்: சும்மா ஊர் பார்க்க வந்தவர்கள் மாதிரி நின்று, ஆட்கள் எப்படி, வீடு எப்படி, ஊரில் என்ன பேர் என்று தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவது. அதற்காக அப்பா கழுத்தில் கமராவையும் கொழுவிக்கொண்டு வந்தார். ஆனால் ஒரு தமிழ்க் குடும்பம் மட்டும் இருக்கிற ஊரில் பொட்டு வைத்த பொம்பிளை ஒருத்தி சந்தைக்குள் நின்றால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பாற்கட்டி விற்ற வெள்ளைக்காரி என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, நீங்கள் சுலோவின் ஆக்கள்தானே என்று கேட்டுவிட்டு, தன் கடையை அப்படியே விட்டுவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து மற்றக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மீன் றோல்ஸும் மாங்காய்ச் சட்னிப் போத்தல்களும் அடுக்கின மேசைக்குப் பின்னால் நின்றவதான் பிரவீணனின் தாய் சுலோஜனா. முன்னால் வெள்ளைக்காரர் வரிசையில் நிற்கிறார்கள். அவ என்னை ஒரு தரம்தான் பார்த்தா. “மிதுசாவின்ர அம்மாவோ? அதே மூக்கு. சொல்லியிருந்தா ஸ்டேசனுக்கு வந்திருப்பமே அக்கா” என்று மேசையைச் சுற்றி ஓடிவந்து கையைப் பிடித்தா. அப்பா கமராவைத் தடவிக்கொண்டு, கோட்டை பார்க்க வந்தனாங்கள் என்றார். “கோட்டை எங்கையும் ஓடாது அண்ணை, முதல் சாப்பிடுங்கோ” என்றா.

வீடு சின்ன வீடு, ஆனால் துப்புரவு. பிரவீணனின் தகப்பன் தியாகராசா அண்ணை அங்கே பள்ளிக்கூட பஸ் ஓடுகிறார், அதிகம் கதைக்காத மனுசன், அதுவும் எனக்குச் சந்தேகம்தான். நான் கதிரையில் இருந்தபடி சுவரெல்லாம் கண்ணால் தேடினேன். பிரவீணனின் பட்டமளிப்புப் படம் இருந்தது. அவனுடைய அக்கா பிரபாலினியின் படம் இருந்தது, ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், அவள் மிருக வைத்தியர். நாற்பது வயது ஆகப்போகிறது, கலியாணப் படம் மட்டும் இல்லை. என் மூளை அந்த இடத்திலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது. சாப்பாடு பற்றிக் குறை சொல்ல ஏலாது. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி, பொரித்த மிளகாய் எல்லாம் வைத்தா. சொதி விடுகிற நேரம் பார்த்து நான் மெதுவாகக் கேட்டேன், “ஊரில நீங்கள் எந்தப் பக்கம்?” சுலோஜனா ஊரின் பெயரைச் சொன்னா. நான் விட்டிருக்கலாம், விடவில்லை. “ஊரில எவடம்? கோயிலுக்கு எந்தப் பக்கம்?” என்றேன். தியாகராசா அண்ணையின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. சுலோஜனா ஒழுங்கையின் பெயரையும் சொல்லிவிட்டு, அப்பளம் எடுக்கிறேன் என்று குசினிக்குள் போனவ கனநேரம் வரவில்லை. அப்பா கை கழுவப் போகிறேன் என்று எழும்பினார். அங்கே நின்று கிருஷ்ணசாமி அண்ணைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டுத்தான் வந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் எங்களைப் பர்மிங்காமுக்குத் திரும்ப விடவில்லை, மேல் அறையில் புதுத் துணி விரித்துப் படுக்கை போட்டுத் தந்தார்கள். ஏன் இவ்வளவு உபசரிப்பு என்று நான் அதற்கும் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மற்ற நாள் பிரபாலினி, நாட்டுப்புறம் காட்டுகிறேன் வாங்கோ அன்ரி என்று என்னைத் தன் சேறு பிடித்த வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். அப்பா முழங்காலைச் சாட்டி நின்றுவிட்டார். ஊரைத் தாண்டினால் ஆறு, பிறகு இரண்டு பக்கமும் வேலி அடைத்த ஒடுங்கின பாதை, ஒரு வாகனம் வந்தால் மற்றது பின்னால் போக வேண்டும். பச்சைப் புல்மேடுகள், மேலே மொட்டை மலை, எங்கே பார்த்தாலும் முதுகில் நீல நம்பர் அடித்த செம்மறிகள். ஒரு கேற்றடியில் யாருமில்லாத மேசையில் முட்டை அடுக்கி, காசு போட ஒரு தகரப்பேணியும் வைத்திருந்தது. எங்கே கமரா வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். கமரா இல்லை என்றாள். அப்ப இங்கே கள்ளர் இல்லையோ என்றேன். “இருக்கினம் அன்ரி, முட்டைக்கு வாறேல்லை” என்றாள். நல்ல பிள்ளை, சிரிக்காமல் பகிடி விடுவாள். பிறகு ஒரு பண்ணையில் குட்டி ஈன முடியாமல் கிடந்த ஆட்டைப் பார்க்கப் போனாள். நான் கொட்டில் வாசலில் நின்று பார்த்தேன். வைக்கோலில் முழங்காலில் இருந்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு, அந்த ஆட்டோடு தமிழில் கதைத்துக்கொண்டு, “கொஞ்சம் பொறு ராசாத்தி, முடிஞ்சுது, முடிஞ்சுது” என்று இரண்டு குட்டிகளை வெளியே எடுத்தாள். ஒன்று மூச்சில்லாமல் கிடந்தது. அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்து தேய்த்து, கத்தப்பண்ணிவிட்டுத்தான் எழும்பினாள். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கினது உண்மை. ஆனால் அவள் கை கழுவிவிட்டு வந்து வானின் பின்பக்கத்தில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றின நேரத்தில், எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இவ்வளவு கெட்டிக்காரி, ஏன் பிள்ளை நீ கலியாணம் செய்யேல்லை என்று கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. “எனக்கும் ஒருக்கா கலியாணம் முற்றாகினது அன்ரி. ஹோல் எடுத்து, கூறையும் எடுத்து, அழைப்புக் காட்டும் அடிச்சாச்சு. பிறகு மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் ரண்டு பேர், சும்மா இந்தப் பக்கம் வந்தனாங்கள் எண்டு வீட்டை வந்திச்சினம். அம்மா சமைச்சுப் போட்டவ. சாப்பிட்டுக்கொண்டு, ஊரில எவடம், கோயிலுக்கு எந்தப் பக்கம் எண்டு கேட்டவை. அடுத்த கிழமை கலியாணம் இல்லை எண்டு போன் வந்தது. எங்களுக்குக் காரணம் சொல்லேல்லை, ஆனா கோயில்ல கடையில எல்லாருக்கும் காரணம் தெரிஞ்சிருந்தது. அம்மா கடைக்குப் போறதையே விட்டிட்டா. எனக்கு இங்க வேலை கிடைச்ச உடன எல்லாருமா வந்திட்டம். தம்பி அப்ப சின்னப் பெடியன், மாப்பிள்ளை சரியில்லை எண்டுதான் அவனுக்குச் சொன்னது. நேற்று நீங்கள் கேட்டதை அம்மா சொன்னவ, அதில ஒரு சொல்லும் மாறேல்லை அன்ரி. அம்மா ராத்திரி சாப்பிடேல்லை” என்றாள். பிறகு, “மிதுசாவுக்கு நீங்களே சொல்லுங்கோ, அவ தெரிஞ்சிருக்க வேணும். தம்பிக்கு நான் சொல்லுறன்” என்றுவிட்டு வானை எடுத்தாள்.

எனக்கு முகம் எரிந்தது, மிதுசா. திரும்பி வரும் வழியில் ஒரு மலையும் ஒரு ஆடும் என் கண்ணில் படவில்லை. உனக்குப் பொய் எழுத மாட்டேன், அந்த நேரத்திலும் மனதின் ஒரு மூலையில், அப்ப எங்கட சந்தேகம் சரிதான் என்று ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. வெட்கத்தை விட அதுதான் என்னைப் பயப்படுத்தியது. பக்கத்தில் சட்டைக் கையில் இரத்தக் கறையோடு இருந்து வான் ஓட்டுகிற பிள்ளையைப் பார்த்தேன். இவளைப் பற்றி ஊர்ச் சனம் கடையில் நின்று குசுகுசுத்த நேரம் இவளுக்கு உன்னை விட வயது குறைவு. எங்கள் எசன் மண்டபத்துக் குசினியிலும் அப்படித்தான் கதை போகும், உனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனால் சுலோஜனா எங்களுக்கு வழிக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு நிற்கிறா. நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். “சுலோ, நாங்கள் கோட்டை பார்க்க வரேல்லை” என்றேன். “தெரியும் அக்கா” என்றா, பார்சல் கட்டுகிற கை நிற்கவில்லை. “நேற்றுக் கேட்டது பிழை. அதை நான் கேட்டிருக்கக்கூடாது. எங்கட மகளுக்கு உங்கட மகனைத் தருவியளோ எண்டு இப்ப கேக்கிறன்” என்றேன். நான் நினைத்தேன் அவ அழுவா, இல்லாவிட்டால் என்னைக் கட்டிப்பிடிப்பா என்று. இரண்டும் இல்லை. பார்சலை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து, “யோசிச்சுச் சொல்லுறம் அக்கா. குறை நினைக்காதேங்கோ. எங்கட பிள்ளை வந்து போகப்போற வீடு, நாங்களும் உங்களைப் பார்க்க வேணும். மகளும் வருவாள்” என்றா. நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

ரயிலில் கிருஷ்ணசாமி அண்ணையின் போன் வந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் வாங்கி, “அண்ணை, பெரிய உபகாரம், இனித் தேவையில்லை” என்றேன். “ஐயோ தங்கச்சி, வடிவா விசாரிச்சிட்டன், கட்டாயம் கேக்க வேண்டிய விஷயம்” என்று தொடங்கினார். நான் கட் பண்ணிவிட்டேன். அப்பா போனைத் திரும்ப வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு, “அவர் என்ன சொல்ல வந்தவர் எண்டு அறிய உமக்கு விருப்பமில்லையோ?” என்றார். விருப்பம் இருக்கிறபடியால்தான் கட் பண்ணினேன் என்றேன். அப்படிச் சொன்னேனே தவிர, இப்போது வீட்டில் என்ன நடக்கிறது தெரியுமா? அப்பா போனைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனால் நான் பூக்கன்றுக்குத் தண்ணீர் விடப் போகிறேன். நான் போனை எடுத்தால் அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறார். கிருஷ்ணசாமி அண்ணைக்கு எடுத்துவிடாமல் ஒருவரை ஒருவர் காவல் காக்கிறோம். இந்தச் சந்தேகம் ஒரு நாளில் போகிற சாமான் இல்லை, ஆனால் அதற்கு இனிச் சாப்பாடு போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறேன்.

ஜூனில் அவர்கள் மூன்று பேரும் எசனுக்கு வருகிறார்கள். வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம், அதற்கு அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அப்படிச் சொன்னால் காரணம் நீ இல்லை, நான்தான் என்று பிரவீணன் அறிய வேண்டும், அக்கா அவனுக்குச் சொன்ன பிறகு நீ அதைச் சொல். என்னோடு சண்டை பிடிக்க வேண்டுமென்றால் பிடி, ஆனால் ஒரு கிழமைக்கு மேல் போன் எடுக்காமல் இருக்காதே, என்னால் தாங்க ஏலாது. அங்கே குளிர் தொடங்குகிறது, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, இரவில் பாணைக் கடித்துவிட்டுப் படுக்காதே. அம்பாள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், நீ ஆசைப்பட்டது உன் கைக்கு வரட்டும்.

மறக்காமல் ஒன்று செய். சுலோஜனாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று பிரவீணனிடம் கேட்டு எழுது. இதை மட்டும் விசாரிப்பு என்று நினைக்காதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா